டேஷ்போர்டில் புது ஸ்பீக்கர்: முதலில் கழற்றுங்கள், பிறகு வாங்குங்கள்

என்னுடையது 2010 மாடல் ஆல்ட்டோ. டேஷ்போர்டின் இரண்டு மூலையிலும் ஆளுக்கொரு 4 இன்ச் ஸ்பீக்கர். வலது பக்கம் கரகரக்க ஆரம்பித்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடித்துவிடலாம் என்று இறங்கினேன். மூன்று வாரம் இழுத்தது. முதலில் வாங்கிய ஜோடி உள்ளே இறங்கவே இல்லை. இரண்டாவது ஜோடியை ஒரு கடையில் கொடுத்து மாட்டினேன். நான்கு ஸ்க்ரூ போட வேண்டிய இடத்தில் இரண்டு போட்டு, வயரை முறுக்கி டேப் சுற்றி அனுப்பிவிட்டார்கள். வீடு வருவதற்குள் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் டேஷ்போர்டு கடகடவென்று ஆடியது. நான்காம் நாள் பாட்டுப் போடும் செட்டே (கார் ஸ்டீரியோ) நின்றுபோனது. கடைசியில் எல்லாவற்றையும் கழற்றி, ஒரு நண்பரை உட்கார வைத்துக்கொண்டு, நானே முதலிலிருந்து செய்தேன். அந்த ஸ்பீக்கர்கள் இன்றுவரை சுத்தமாகப் பாடுகின்றன.

அந்த மூன்று வாரம் உங்களுக்கு வேண்டாம். நான் செய்திருக்க வேண்டிய வரிசையில் எழுதுகிறேன். உங்கள் கார் வேறாக இருந்தாலும் வரிசை மாறாது.

1. கடைக்குப் போகும் முன் திறந்து பாருங்கள்

எல்லோரும் தலைகீழாகச் செய்வது இதைத்தான். முதலில் ஸ்பீக்கர் வாங்கிவிட்டு, பிறகுதான் டேஷ்போர்டைத் திறக்கிறோம். கடையில் "இந்தக் காருக்கு 4 இன்ச் சார், கண்ணை மூடிக்கிட்டு வாங்கிட்டுப் போங்க" என்பார்கள். 4 இன்ச் என்பது முகத்தின் அளவு. பின்னால் எவ்வளவு ஆழம் இருக்கிறது, காந்தம் எதில் இடிக்கும் என்பதை அந்த எண் சொல்லாது.

டேஷ்போர்டு ஸ்பீக்கர் பெரும்பாலும் மூன்று விதமாக இருக்கும். மேலே இருக்கும் கிரில் தனித் துண்டாக, க்ளிப்பில் நிற்பது ஒன்று, இதுதான் சுலபம். கிரில் டேஷ்போர்டோடு சேர்த்தே வார்க்கப்பட்டு, ஸ்பீக்கர் அடியிலிருந்து மாட்டப்பட்டிருப்பது இன்னொன்று. இதற்கு க்ளவ் பாக்ஸையும் ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள பேனலையும் கழற்றிக் கையை உள்ளே விட வேண்டும். மூன்றாவது, ஓரத்து ட்ரிம் பேனலை எடுத்தால்தான் ஸ்க்ரூவே கண்ணில் படும் ரகம். உங்களுடையது எது என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். அடியிலிருந்து மாட்டும் ரகமாக இருந்தால் முதல் முறை நீங்களே செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கிரில்லை நெம்ப இரும்பு ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். டேஷ்போர்டில் விழும் பள்ளம் வண்டி உள்ளவரை போகாது. ட்ரிம் கழற்றும் பிளாஸ்டிக் நெம்பிகள் செட்டாகவே கிடைக்கின்றன. கிடைக்காவிட்டால் பழைய ஏ.டி.எம். கார்டை வைத்து ஓரத்தைத் தூக்கி, துணி சுற்றிய தட்டை ஸ்க்ரூ டிரைவரை நுழையுங்கள். ஒரே இடத்தில் பலம் கொடுக்காமல், ஒவ்வொரு மூலையாகச் சுற்றி வாருங்கள்.

எந்த நேரத்தில் செய்வது என்பதும் முக்கியம். மார்கழி விடியற்காலையில் பிளாஸ்டிக் விறைத்திருக்கும். க்ளிப் டப்பென்று உடையும். நடு மதியம் வெயிலில் நின்ற வண்டியின் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும். கை வைக்க முடியாது, பிளாஸ்டிக்கும் வளைந்துவிடும். காலை ஒன்பது, பத்து மணிக்கு, இளஞ்சூடாக இருக்கும்போது க்ளிப்புகள் கொடுத்து வாங்கும்.

என் வண்டியில் வலது கிரில்லைத் தூக்கியதும் உள்ளே பார்த்தது மறக்கவில்லை. யாரோ முன்பு மாட்டிய ஸ்பீக்கர். காகிதக் கூம்பு வெயிலில் வெளுத்து, பழுப்பேறி, விரலால் தொட்டதும் அப்பளம் போல நொறுங்கியது. ஓரத்தில் இருந்த ஃபோம் வளையம் பிசுபிசுத்த தூளாகக் கையில் ஒட்டிக்கொண்டது. டேஷ்போர்டுக்குப் பொருத்தமான ஸ்பீக்கர் எது என்று எந்தக் கடைக்காரரும் சொல்லாததை அந்தத் தூள் எனக்குச் சொன்னது. அதை 3-ம் படியில் எழுதியிருக்கிறேன்.

2. அளவெடுத்தல்: நான்கு எண்கள்

பழைய ஸ்பீக்கரை வெளியே எடுத்துவிட்டு, ஒரு தாளில் இந்த நான்கையும் மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

- ஓட்டையின் விட்டம்.
- ஸ்க்ரூ ஓட்டைகளுக்கு இடையேயான தூரம். எதிர் எதிர் ஓட்டைகளைக் குறுக்காக அளக்க வேண்டும்.
- ஆழம். ஓட்டையின் மேல் ஒரு ஸ்கேலைக் குறுக்கே வைத்து, அதிலிருந்து கீழே முதலில் இடிக்கும் பொருள் வரை. ஏ.சி. காற்றுக் குழாயாகவோ, குறுக்கே ஓடும் இரும்புக் குழாயாகவோ, வயர்க் கட்டாகவோ இருக்கலாம்.
- மேலே கிரில் மூடிய பிறகு மிஞ்சும் இடைவெளி. இதை யாரும் அளப்பதில்லை.

4 இன்ச் ஸ்பீக்கர்களின் ஆழம் பெரும்பாலும் 45 முதல் 55 மி.மீ. வரை. நான் முதலில் வாங்கியது பெரிய காந்தம் உள்ளது; ஏ.சி. குழாயில் போய் உட்கார்ந்தது. 6 மி.மீ. இடித்ததற்கு ஒரு ஜோடி ஸ்பீக்கரின் காசு போனது. நடுவில் ட்வீட்டர் (கீச்சென்ற மேல் ஒலிக்கான குட்டி ஸ்பீக்கர்) தூக்கிக்கொண்டு நிற்கும் ரகமாக இருந்தால் மேலே கிரில்லில் முட்டும். அதற்குத்தான் நான்காவது எண்.

அளவெடுத்த பிறகு ஓட்டையையும் பழைய ஸ்பீக்கரின் பின்பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வயர் எந்த முனையில் இருந்தது என்பது அந்தப் படத்தில்தான் இருக்கும்.

3. எந்த ஸ்பீக்கர்

வெயில்தான் முதல் கணக்கு. கதவில் இருக்கும் ஸ்பீக்கருக்கு நிழல் உண்டு. டேஷ்போர்டில் இருப்பது கண்ணாடிக்கு அடியில், வெயிலுக்கு நேராக மல்லாந்து கிடக்கிறது. ஆகவே கூம்பு காகிதமாக இல்லாமல் பாலிப்ரோப்பிலீனாக இருக்கட்டும். ஓர வளையம் ரப்பராகவோ துணியாகவோ இருக்கட்டும். ஃபோம் வளையம் வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது, வாட். பெட்டியில் பெரிய எழுத்தில் 200 வாட், 210 வாட் என்று இருக்கும். அது ஒரு கணம் தாங்கும் உச்சம். பக்கத்தில் சிறிய எழுத்தில் ஆர்.எம்.எஸ். என்று 20, 25, 30 என இருக்கும். அதுதான் தொடர்ந்து தாங்குவது. செட்டும் அப்படித்தான். "50 வாட் × 4" என்று முகத்தில் எழுதியிருக்கும் சாதாரண செட், ஒரு ஸ்பீக்கருக்கு உண்மையில் தொடர்ந்து கொடுப்பது 14 முதல் 22 வாட் வரைதான். 25 வாட் ஆர்.எம்.எஸ். உள்ள ஸ்பீக்கர் தாராளமாகப் போதும். தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாத வண்டிக்கு அதற்கு மேல் கொடுக்கும் காசு வீண்.

ஆர்.எம்.எஸ்ஸை விட முக்கியமான எண் ஒன்று உண்டு. பெட்டியின் பக்கவாட்டில் 88 டெசிபல், 91 டெசிபல் என்று சென்சிடிவிட்டி, அதாவது ஒரே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு, போட்டிருக்கும். செட்டின் சொந்த பலத்தில் ஓடும் ஸ்பீக்கருக்கு இது கூடுதலாக இருப்பது நல்லது. 3 டெசிபல் கூடினால் பாதி வாட்டிலேயே அதே சத்தம் வரும்.

மூன்றாவது, ஓம், அதாவது ஸ்பீக்கரின் மின்தடை. 4 ஓம் வாங்குங்கள். 2 ஓம், 3 ஓம் ஸ்பீக்கரை மாட்டும் முன் உங்கள் செட்டின் கையேட்டில் அது தாங்கும் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ஒரே சேனலில் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரைப் பக்கவாட்டில் இணைத்தாலும் செட்டுக்கு அது 2 ஓம்தான். முன்னால் டேஷ்போர்டிலும் கதவிலும் ஒரே ஜோடி வயரில் கோத்துவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. செட் சூடாகி அடிபடுவது இப்படித்தான்.

பேஸ் பற்றி ஒரு வார்த்தை. 4 இன்ச் கூம்பிலிருந்து நெஞ்சை அதிரவைக்கும் பேஸ் வராது. யார் சொன்னாலும் நம்பாதீர்கள். டேஷ்போர்டு ஸ்பீக்கரின் வேலை குரல், வயலின், மிருதங்கத்தின் வலந்தலை (வலது முகம்) எல்லாம் கண் முன்னே கேட்கச் செய்வது. தொப்பியின் (இடது முகம்) கனமும் தவிலின் அதிர்வும் பின்னால் இருக்கும் 6 இன்ச்சிலிருந்தோ சப்வூஃபரிலிருந்தோதான் வர வேண்டும்.

4. வாங்கும் இடமும் பில்லும்

சென்னையில் இருப்பவர்களுக்கு இடம் தெரியும். ஸ்பீக்கருக்கு அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. ரோடு, வயர், கெபாசிட்டர், ஸ்லீவ், சால்டரிங் சாமான்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட், உடைந்த கிரில், தொலைந்த க்ளிப்புக்குப் புதுப்பேட்டை. மூன்றும் பக்கம் பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமை காலையில் போய்விட்டு வாருங்கள். மற்ற ஊர்க்காரர்கள் ஆன்லைனில் வாங்கினால், விற்பவர் யார் என்று பார்த்து, திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் மாட்டிச் சோதித்துவிடுங்கள்.

அளவெழுதிய தாளையும் ஒரு ஸ்கேலையும் கையோடு கொண்டுபோங்கள். பெட்டியைப் பிரித்து, அந்த நான்கு எண்ணையும் கடையிலேயே சரிபாருங்கள். "அப்புறம் இடிச்சா மாத்திக் கொடுப்பீங்களா?" என்று வாயால் கேட்டுப் பயனில்லை. ஸ்க்ரூ பட்ட தடம் இருந்தால் யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.

போலி நிறையப் புழங்குகிறது. பெட்டியில் இறக்குமதியாளர் அல்லது தயாரிப்பாளரின் பெயர், முகவரி, மாதம்-வருடம், எம்.ஆர்.பி., வாடிக்கையாளர் சேவை எண் அச்சாகியிருக்க வேண்டும், சட்டப்படி கட்டாயம். அது இல்லாத பெட்டியை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பில் கேளுங்கள். "பில் இல்லாம 200 குறைச்சிக்கலாம்" என்பார்கள். அந்த 200 ரூபாய்க்கு வாரண்டியையும் இன்ஷூரன்ஸையும் விட்டுக்கொடுக்கிறீர்கள். ஜி.எஸ்.டி. பில்லில் மாடல் எண் தெளிவாக இருக்கட்டும். வாரண்டி கார்டில் கடை முத்திரையும் தேதியும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ஸ் காயில் (கூம்பை அசைக்கும் கம்பிச் சுருள்) எரிந்துபோனால் பொதுவாக வாரண்டி கிடைக்காது என்பதையும் மனதில் வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் பில்லைப் படம் எடுத்து வைத்துவிடுங்கள். அந்தத் தாளில் உள்ள அச்சு ஒரு வருடத்தில் வெளுத்துவிடும்.

5. பேட்டரியும் ஏர்பேக்கும்

மாட்டும் நாளன்று முதல் வேலை, சாவியை எடுத்துவிட்டு, 10-ம் நம்பர் ஸ்பானரால் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுவது. செட்டுக்குப் பாதுகாப்புக் குறியீடு இருந்தால் அதை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போய் வந்தால் கேட்கும். எண் தெரியாவிட்டால் செட் திறக்காது.

பயணி பக்க ஏர்பேக் உள்ள வண்டியாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அது இடது பக்க டேஷ்போர்டுக்குள்தான் இருக்கிறது. மைனஸைக் கழற்றிய பிறகு ஐந்து நிமிடமாவது காத்திருங்கள். மஞ்சள் நிறக் கப்ளரோ (வயர்களை இணைக்கும் பிளக்) மஞ்சள் உறை போட்ட வயரோ கண்ணில் பட்டால் தொடாதீர்கள், மல்டிமீட்டரும் வைக்காதீர்கள். ஏர்பேக் மூடியின் மேலோ குறுக்கிலோ ஸ்பீக்கர் வயரைக் கொண்டுபோகவே கூடாது. அந்த இடத்தைப் பிரித்தால்தான் ஸ்பீக்கர் மாட்ட முடியும் என்றால் கம்பெனி சர்வீஸிலேயே கொடுத்துவிடுங்கள். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

வண்டி இன்னும் வாரண்டியில் இருந்தால் கம்பெனி வயரை வெட்டாதீர்கள். வெட்டிய வயரைப் பார்த்தால் எலக்ட்ரிக்கல் கோளாறு எது வந்தாலும் அதைக் காரணம் காட்டுவார்கள். உங்கள் மாடலுக்கான ஸ்பீக்கர் கப்ளர் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். ஒரு முனை வண்டியின் கப்ளரில், மறுமுனை புது ஸ்பீக்கரில். வெட்டு இல்லை, ஒட்டு இல்லை.

6. வயர்: பாதிப் பிரச்சினை இங்கேதான்

வண்டியில் ஏற்கெனவே ஓடும் வயர் நன்றாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். பச்சை படிந்திருந்தாலோ, தோல் வெடித்திருந்தாலோ புதிதாக இழுத்துவிடுங்கள். இந்த வாட்டுக்கு 1 சதுர மி.மீ. செம்பு வயர் போதும். டேஷ்போர்டு வேலைக்கு 5 மீட்டர் வாங்கினால் மிஞ்சும். விலை குறைவாகக் கிடைக்கும் வயரில் செம்பு பூசிய அலுமினியம் நிறைய. நுனியைச் சுரண்டிப் பாருங்கள், வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம்.

வெளியில் வாங்கி மாட்டும் செட்டுகளின் பின்னால் வரும் வயர்களின் நிறம் பெரும்பாலும் இப்படி இருக்கும். முன் இடது வெள்ளை, முன் வலது சாம்பல், பின் இடது பச்சை, பின் வலது ஊதா. கறுப்புக் கோடு இல்லாதது ப்ளஸ், கறுப்புக் கோடு உள்ளது மைனஸ். மஞ்சள் பேட்டரியிலிருந்து நேராக வருவது, சிவப்பு சாவி போட்டால் வருவது, தனிக் கறுப்பு எர்த். கார் கம்பெனி போட்டுத்தரும் செட்டில் இந்த நிறங்கள் பொருந்தாது. அங்கே 8-ம் படியில் உள்ள பேட்டரி சோதனைதான் வழி.

அடுத்ததைக் கவனமாகப் படியுங்கள், என் செட் நின்றுபோனது இதனால்தான். ஸ்பீக்கரின் மைனஸ் வயர் எர்த் அல்ல. விளக்குக்கும் ஹார்னுக்கும் மைனஸைப் பாடியில் கொடுத்துப் பழகிய எலக்ட்ரீஷியன்கள் ஸ்பீக்கருக்கும் அதையே செய்துவிடுகிறார்கள். இன்றைய செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு வயரிலும் மின்னழுத்தம் உண்டு. மைனஸ் பாடியில் பட்டால் செட் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். சில நேரம் உள்ளே இருக்கும் ஐ.சி. போய்விடும். என் வண்டியில் டேப் சுற்றிய இணைப்பு வெயிலில் பசை இளகிக் கழன்று, இரும்புக் குழாயில் போய்ச் சாய்ந்திருந்தது. நல்லவேளை, பிரித்துவிட்டதும் செட் உயிர் பெற்றது.

ஆகவே முறுக்கி டேப் சுற்றுவது டேஷ்போர்டுக்குள் ஆகாது. சால்டர் வைத்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் உறை) போடுங்கள். ஸ்லீவை வயரில் முதலில் கோத்துவிட்டுத்தான் சால்டர் வைக்க வேண்டும். அவசரத்தில் எல்லோரும் மறப்பது. சால்டர் வராதவர்கள் க்ரிம்ப் செய்யும் முனைகளை வாங்கி நன்றாக நசுக்கிவிடுங்கள். ஸ்பீக்கர் முனைகளில் பெரும்பாலும் அகலமானது ப்ளஸ், குறுகலானது மைனஸ். அதற்கேற்ற இரண்டு அளவு முனைகளை வாங்கினால் தவறாக மாட்டவே முடியாது.

எல்லாம் முடிந்ததும், செட்டின் கப்ளரைக் கழற்றிவிட்ட நிலையில், மல்டிமீட்டரால் இரண்டு சோதனை. ஒரு ஸ்பீக்கரின் இரண்டு வயருக்கும் இடையே 3 முதல் 4 ஓம் வர வேண்டும். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3.4, 3.6 என்று காட்டுவது சரியானதுதான், குறை இல்லை. அடுத்து, ஒவ்வொரு வயருக்கும் வண்டியின் பாடிக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது. அங்கே ஏதாவது எண் வந்தால் வயர் எங்கோ நசுங்கியிருக்கிறது. கண்டுபிடிக்காமல் செட்டை மாட்டாதீர்கள்.

7. பொருத்துதல்: காற்று போகும் இடுக்கை அடையுங்கள்

கூம்பு மேலே காற்றைத் தள்ளும்போது அடியில் காற்றை இழுக்கிறது. ஸ்பீக்கருக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே இடுக்கு இருந்தால் மேல் காற்றும் கீழ்க் காற்றும் அதன் வழியாகச் சேர்ந்து ஒன்றையொன்று அழித்துவிடும். இருக்கிற கொஞ்சநஞ்ச பேஸும் போய், தகர டப்பாவுக்குள் பேசுவது போல் கேட்கும். விலை கூடிய ஸ்பீக்கர் மாட்டியும் சுகமில்லை என்பவர்களின் வண்டியில் நான் முதலில் பார்ப்பது இந்த இடுக்கைத்தான்.

ஓட்டையைச் சுற்றி ஒட்டும் ஃபோம் டேப்பை இடைவெளி விடாமல் ஒரு சுற்று ஒட்டுங்கள். மேலே ஸ்பீக்கரை வைத்து ஸ்க்ரூ போட்டால் ஃபோம் அமுங்கி அடைத்துக்கொள்ளும். ஸ்க்ரூக்களை ஒரேயடியாக முடுக்காமல், குறுக்கு எதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரு பக்கம் அதிகம் முடுக்கினால் ஸ்பீக்கரின் சட்டம் வளைந்து காயில் உரசும். அந்த உரசலுக்கு மருந்து கிடையாது. ட்ரில்லில் ஸ்க்ரூ பிட் போட்டு முடுக்காதீர்கள். ஒரு முறை வழுக்கினால் கூம்பு கிழிந்தது கிழிந்ததுதான்.

ஓட்டை பொருந்தவில்லை என்றாலோ ஆழம் சில மி.மீ. போதவில்லை என்றாலோ நடுவில் ஒரு வளையம் போடலாம். பிளாஸ்டிக்கில் தயாராகக் கிடைக்கிறது. பிளைவுட்டில் வெட்டினால் இருபுறமும் வார்னிஷ் அடித்துவிடுங்கள்; கண்ணாடி ரப்பர் வழியாக மழைக்காலத்தில் ஈரம் இறங்கும். வளையம் போட்டால் அந்த உயரத்தை நான்காவது எண்ணிலிருந்து கழித்துப் பாருங்கள். டேஷ்போர்டு பிளாஸ்டிக்கை அறுத்துப் பெரிதாக்குவதை மட்டும் செய்ய வேண்டாம்.

கிரில்லை மூடும் முன் அதன் அடியில், பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உரசும் இடங்களில், வெல்வெட் அல்லது துணி டேப்பைச் சிறு துண்டுகளாக ஒட்டுங்கள். தளர்ந்த வயரையும் ஃபோமில் சுற்றிக் கட்டிவிடுங்கள். மூடியதும் விரல் முட்டியால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்றால் சரி. 'சில்' என்று அதிர்ந்தால் அங்கே இன்னொரு துண்டு டேப்.

8. ப்ளஸ் மைனஸ் சரியா? ஒன்றரை வோல்ட் பேட்டரி சோதனை

கிரில்லை மூடும் முன்பே இதைச் செய்ய வேண்டும். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று போதும். செட்டின் கப்ளர் கழன்றிருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள். செட்டோடு இணைந்த வயரில் பேட்டரி வைக்கக் கூடாது. செட் பக்க முனையில் பேட்டரியின் ப்ளஸை ப்ளஸ் வயரிலும், மைனஸை மைனஸ் வயரிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். 'டப்' என்று கூம்பு வெளியே வர வேண்டும். உள்ளே போனால் வயர் மாறியிருக்கிறது.

இரண்டு ஸ்பீக்கரும் ஒரே திசையில் வர வேண்டும் என்பதுதான் விஷயம். ஒன்று வெளியேயும் ஒன்று உள்ளேயும் போனால் பாட்டு வரும், சத்தமும் வரும். ஆனால் குரல் டேஷ்போர்டின் நடுவில் நிற்காமல் எங்கெங்கோ சிதறி, பேஸ் காணாமல் போகும். மாட்டியவருக்கே காரணம் புரியாது. நான் ஒரு நண்பரை உட்கார வைத்துக்கொண்டது இதற்காகவும்தான். ஒருவர் செட் பக்கம் தொட, இன்னொருவர் கூம்பைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

9. செட்டிங்: செலவில்லாத வேலை

பேட்டரியை மாட்டி, செட்டைப் போட்டதும் வால்யூமைத் திருகிவிடாதீர்கள். முதலில் ஆடியோ மெனுவில் எச்.பி.எஃப். (ஹை பாஸ் ஃபில்டர்) என்று இருக்கிறதா தேடுங்கள். முன் ஸ்பீக்கருக்கு அதை 120 ஹெர்ட்ஸ் அல்லது அதை ஒட்டிய எண்ணில் வையுங்கள். சிறிய கூம்பால் முடியாத ஆழ்ந்த பேஸ் அதற்குப் போகாது. கரகரப்பு இல்லாமல் அதிக சத்தத்தைத் தாங்கும்.

அந்த வசதி இல்லாத பழைய செட் என்றால், ஒவ்வொரு ஸ்பீக்கரின் ப்ளஸ் வயரிலும் தொடராக ஒரு கெபாசிட்டர். 4 ஓமுக்கு 330 மைக்ரோஃபாரட் போட்டால் சுமார் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும், 220 போட்டால் சுமார் 180 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் குறையத் தொடங்கும். கடையில் கேட்கும்போது "நான்-போலார்" என்று அழுத்திச் சொல்லுங்கள். ப்ளஸ் மைனஸ் குறித்த சாதாரண எலக்ட்ரோலிட்டிக் இதற்கு ஆகாது.

டேஷ்போர்டு ஸ்பீக்கரின் சத்தம் முன் கண்ணாடியில் மோதித் திரும்பி வருவதால் ட்ரெபிள் கொஞ்சம் கூர்மையாகக் கேட்கும். ட்ரெபிளை ஒன்றிரண்டு குறையுங்கள். நாம் வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டுவதால் வலது ஸ்பீக்கர் காதுக்குப் பக்கம். பேலன்ஸை இடது பக்கம் இரண்டு புள்ளி நகர்த்திப் பாருங்கள், பாடகர் நடுவுக்கு வந்து உட்காருவார். 'லவுட்', 'பேஸ் பூஸ்ட்' எல்லாம் அணைத்தே இருக்கட்டும்.

வால்யூமை எங்கே நிறுத்துவது? ஒரு தனிக்குரல் பாட்டைப் போட்டு மெதுவாக ஏற்றுங்கள். குரல் கரகரக்கும் எண்ணைக் கவனித்து, அதிலிருந்து நான்கைந்து குறைத்து, அதுதான் எல்லை என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். ஸ்பீக்கர்கள் எரிவது பெரிய செட்டின் அதிக வாட்டால் மட்டும் அல்ல. சிறிய செட்டை அதன் சக்திக்கு மேல் முறுக்கும்போது வரும் சிதைந்த ஒலியாலும்தான்.

எஞ்சினை ஏற்றினால் கூடவே ஏறும் 'ஙொய்ங்' என்ற சத்தம் வந்தால் அது ஸ்பீக்கரின் குற்றமல்ல. செட்டின் எர்த் வயர் பெயின்ட் சுரண்டாத இடத்தில் மாட்டப்பட்டிருக்கும். வெறும் இரும்பில் மாட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

10. கடையில் கொடுத்துத்தான் மாட்டுவேன் என்றால்

தவறில்லை. ஆனால் பக்கத்திலேயே நில்லுங்கள். டீ குடிக்கப் போகச் சொல்வார்கள், போகாதீர்கள். வேலை தொடங்கும் முன் நான்கு விஷயம் சொல்லிவிடுங்கள்: "அண்ணே, வயர் வெட்ட வேண்டாம், கப்ளர் போடுங்க. ஜாயிண்டுக்கு ஸ்லீவ் போடுங்க. நாலு ஸ்க்ரூவும் வேணும். சுத்தி ஃபோம் ஒட்டுங்க." ஃபோம், ஸ்லீவ், கப்ளர் மூன்றையும் நீங்களே வாங்கிக் கொண்டுபோனால் மறுபேச்சே இருக்காது. கூலியை முன்பே பேசி, கிரில் உடைந்தால் யார் பொறுப்பு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மூடும் முன் படம் எடுங்கள். காசு கொடுக்கும் முன் மேடு பள்ளமான தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள்.

11. எனக்கு ஆன செலவும் நேரமும்

இரண்டாவது ஜோடி ஸ்பீக்கர் 1,900 ரூபாய். வயர், ஸ்லீவ், முனைகள் சேர்த்து 260. கப்ளர் ஜோடி 250. ஃபோம் டேப், துணி டேப் 180. பிளாஸ்டிக் நெம்பிகள் 200. மொத்தம் 2,790. வீணாகப் போன முதல் ஜோடியும் கடைக் கூலியும் இதில் சேராது. கடைகளில் கூலி நான் விசாரித்தவரை ஜோடிக்கு 300 முதல் 600 வரை சொன்னார்கள்.

நேரம்: திறந்து அளவெடுக்க ஒரு மணி, வாங்கிவர அரை நாள், மாட்டச் சோதனையோடு சேர்த்து நான்கு மணி. திறப்பதையும் மாட்டுவதையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரே நாள் என்று வைத்தால், கிடைத்த ஸ்பீக்கரை எப்படியாவது திணிக்கத்தான் மனம் போகும்.

12. இன்ஷூரன்ஸும், எறியக் கூடாத பொருட்களும்

கம்பெனியிலிருந்து வராமல் நாம் பின்னால் மாட்டிய எலக்ட்ரானிக் பொருள், பாலிசியில் தனியாகக் குறிப்பிட்டிருந்தால்தான் திருட்டுக்கோ விபத்துக்கோ இழப்பீடு கிடைக்கும். ஓன் டேமேஜ் (சொந்த வண்டிக்கு வரும் சேதத்துக்கான) பாலிசி இருப்பவர்கள் புதுப்பிக்கும்போது எலக்ட்ரிக்கல் ஆக்சஸரீஸ் என்ற கட்டத்தில் மதிப்பைப் போட வேண்டும். அதற்கான கூடுதல் பிரீமியம் வழக்கமாக மதிப்பில் 4 சதவீதம், அதோடு வரி. 2,000 ரூபாய் ஸ்பீக்கருக்கு வருடம் 80 ரூபாய். அதை மட்டும் சேர்க்க நான் சிரமப்பட மாட்டேன். செட், ஆம்ப்ளிஃபயர், சப்வூஃபர் எல்லாம் சேர்த்து 20,000, 30,000 ரூபாய்க்கு மாட்டியவர்கள் கட்டாயம் சேருங்கள். ஜி.எஸ்.டி. பில் கேட்பார்கள், பொருள் வண்டியில் இருக்கும் படமும் வைத்திருங்கள். தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் இதற்கு வழியில்லை.

மாட்டி ஒரு வாரம் ஓடியதும் கிரில்லைத் திறந்து நான்கு ஸ்க்ரூவையும் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். ஃபோம் அமுங்கி ஸ்க்ரூ தளர்ந்திருக்கும்; கால் திருப்பு போதும். கழற்றிய பழைய ஸ்பீக்கர் நல்ல நிலையில் இருந்தால், அதன் ஸ்க்ரூ, மிச்ச க்ளிப், பில்லின் நகல் எல்லாவற்றையும் புது ஸ்பீக்கரின் பெட்டியிலேயே போட்டு வையுங்கள். வண்டியை விற்கும் நாளில், புதியதைக் கழற்றி அடுத்த வண்டிக்கு எடுத்துக்கொண்டு, பழையதைத் திரும்ப மாட்டிக் கொடுக்க பத்து நிமிடம்தான் ஆகும், கப்ளர் போட்டிருந்தால்.